பச்சை விளக்கு எரியும், ஆபீஸ் திறக்காது: வயர்கார்ட் விபிஎன் பற்றி

வயர்கார்ட் இலவசம், சின்னது, வேகமானது. எங்கள் மலைப்பக்கத்து 4ஜி இணைப்பில் நான் பாவித்துப் பார்த்த விபிஎன்களில் தாக்குப்பிடிப்பது இதுதான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், பழுதாகும்போது இது வாயே திறக்காது. இந்த விமர்சனத்தில் முக்கால்வாசி அந்த ஒன்றைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இலங்கையில் நிறையப் பேருக்கு விபிஎன் அறிமுகமானது 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோதுதான். அப்போது எல்லோரும் போனில் இறக்கிக்கொண்ட அப்கள் வேறு ரகம்; அவை நம்மை வெளிநாட்டில் இருப்பதுபோலக் காட்டும். நான் சொல்வது வீட்டுக் கம்பியூட்டரை ஆபீஸ் வலையமைப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் விபிஎன். இதை வைத்துப் படம் பார்க்க முடியாது. இன்வொய்ஸ் அடிக்கலாம்.

கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டபோது வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். பெற்றோல் வந்த பிறகு மற்றவர்கள் ஆபீசுக்குத் திரும்பினார்கள், நான் கொட்டகலையிலேயே இருந்துவிட்டேன். வெள்ளவத்தை போர்டிங் வாடகையை நினைத்தால் இனி யார் போவார்கள்? யன்னலுக்கு வெளியே தேயிலை, திரைக்குள்ளே தேயிலைக் கணக்கு. கணக்கு மென்பொருள் ஆபீஸ் கம்பியூட்டரில்தான் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதைத் திறந்துதான் நான் வேலை செய்ய வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் வழக்கமாகச் செவ்வாயும் புதனும். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு விபிஎன் வரவில்லை என்றால் சேர் ஏச மாட்டார். "அப்போ அடுத்த கிழமை கொழும்புக்கு வந்து இருங்களேன்" என்பார். அதற்கு ஏசினாலே பரவாயில்லை.

எங்கள் அமைப்பு மிக எளியது. ஆபீசில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்பியூட்டர் மேசைக்கு அடியில் இரவு பகலாக ஓடுகிறது. அதில் வயர்கார்ட். ஆபீஸ் ரவுட்டரில் யூ.டி.பி. என்ற அனுப்பும் முறைக்கான 51820 என்ற போர்ட்டை (வாசல் எண் மாதிரி) அந்தக் கம்பியூட்டருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். என் பக்கம் விண்டோஸ் டெஸ்க்டொப்பும் ஒரு 4ஜி ரவுட்டரும். பயனர் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் 44 எழுத்தில் ஒரு திறவுகோல், அவ்வளவுதான். மொத்த அமைப்பும் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் அடங்கும் ஒரு கோப்பு. போனுக்கு என்றால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் முடிந்தது.

இதற்கு முன்னால் இருந்தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீ.பீ.டீ.பீ. என்ற பழைய முறை ஒரு காலத்தில் எல்லா ஆபீசிலும் இருந்தது. அதன் பாதுகாப்பு எப்போதோ உடைந்துவிட்டது, அதுபோக அது பாவிக்கும் ஜி.ஆர்.இ. என்ற சமாச்சாரம் பல 4ஜி இணைப்புகளைத் தாண்டாது. அடுத்து வந்த எல்2டீபீ விண்டோஸோடு கூடவே வருவது. நாட் ரவுட்டர்களுக்கு (பல கருவிகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைப்பவை) பின்னால் இருந்தால் 809 என்று பிழை எண் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஓபன்விபிஎன் நல்ல சாமான்தான். ஆனால் எங்கள் ஆபீசில் அதை டி.சி.பி. முறையில் ஓட்டினார்கள். பொட்டலம் (டேட்டா இப்படித்தான் சின்னத் துண்டுகளாகப் போகும்) தொலையும் இணைப்பில் உள்ளே ஓடும் டி.சி.பி.யும் தொலைந்ததைத் திரும்ப அனுப்பும், வெளியே இருப்பதும் திரும்ப அனுப்பும். மழை நாளில் மவுசை அசைத்தால் அம்பு ஆறுதலாக யோசித்துவிட்டுத்தான் நகரும்.

வயர்கார்ட்டை எழுதியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விசயம், இது இணைப்பு என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. 4ஜி ரவுட்டர் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும், வெளி ஐபி முகவரி மாறினாலும், சரியான திறவுகோலோடு அடுத்த பொட்டலம் போனால் போதும், ஆபீஸ் பக்கம் "சரி, இவள் இப்போது இங்கே இருக்கிறாள்" என்று குறித்துக்கொள்ளும். கொட்டகலையில் ரயில் ஏறி ஹட்டன் பக்கம் போகும்போது இதைச் சோதித்திருக்கிறேன். இடையில் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். மடிக்கணினியைப் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்து வைத்திருந்தேன். சுரங்கத்துக்குள் சிக்னல் முழுக்கப் போனது, திரை உறைந்தது. மறுபக்கம் வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் எக்செல்லில் நான் விட்ட அதே கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. திரும்ப லொகின் கேட்கவில்லை. நான்கு நட்சத்திரமும் அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டேன்.

இனி வாய் திறக்காத கதை.

விண்டோஸ் அப்பில் அக்டிவேட் என்ற பொத்தானை அமுக்கியதும் பச்சைக் கேடயம் ஒன்று வரும், பக்கத்தில் அக்டிவ் என்று எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். உங்கள் கம்பியூட்டரில் விபிஎன் வழியின் இந்தப் பக்க வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மறுபக்கத்தில் ஆபீசே எரிந்து சாம்பலாகியிருந்தாலும் பச்சை பச்சையாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த நிறத்தையே மாற்ற வேண்டும். பழைய விபிஎன்கள் குறைந்தபட்சம் எண்ணாவது சொல்லின: 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ பிழை, 809 என்றால் வழியில் யாரோ மறிக்கிறார்கள். இது சிரித்த முகத்தோடு சும்மா இருக்கும்.

பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகளை. ஒன்று, கடைசி ஹேண்ட்ஷேக் (இரண்டு பக்கமும் அடையாளம் காட்டிக் கைகுலுக்குவது) எப்போது நடந்தது என்பது. மற்றது, வந்தது எத்தனை பைட், போனது எத்தனை பைட் என்பது. முதல் வரியே காணவில்லை, வந்தது 0, போனது 148, பிறகு 296, பிறகு 444 என்று ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டிருந்தால், உங்கள் கம்பியூட்டர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருந்து பதில் இல்லை. முதல் ஹேண்ட்ஷேக் செய்தி சரியாக 148 பைட். அது 148இன் பெருக்கமாக ஏறுகிறதென்றால் வேறு எதுவுமே போகவில்லை என்று அர்த்தம். மாறாக வந்தது 92, போனது 180 என்று தெரிந்தால் கதவு திறந்துவிட்டது. ஆபீஸ் அனுப்பிய பதில் 92 பைட், நாம் அதற்கு அனுப்பிய சின்ன ஒப்புதல் 32 பைட், 148உடன் கூட்டினால் 180. அந்த நிலையிலும் வேலை நடக்கவில்லை என்றால் பழுது வேறு இடத்தில். இந்த இரண்டு முகங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இப்படி ஊமையாக இருக்கிறது என்றால், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அறிமுகமான திறவுகோலிலிருந்து வராத எந்தப் பொட்டலத்துக்கும் இது பதிலே தராது, "நீ யார்" என்றுகூடக் கேட்காது. வெளியே இருந்து போர்ட்டைத் துழாவுகிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றே தோன்றும். பாதுகாப்புக்கு இது மிகவும் நல்லது. ஆனால் திறவுகோலில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும், போர்ட் மூடியிருந்தாலும், ஐபி மாறியிருந்தாலும், ஆபீசில் கரண்ட் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிவது அதே 0, அதே 148.

ஒருமுறை ஆபீஸ் ரவுட்டர் பழுதாகி, இணைய சேவைக்காரர்கள் வந்து புதியதை வைத்துவிட்டுப் போனார்கள். ஆபீசில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் வேலை செய்கிறது, எனக்கு மட்டும் 148. புது ரவுட்டரில் போர்ட் திருப்பும் விதியே இல்லை. எங்கள் ஐ.டி. மல்லி (சிங்களத்தில் தம்பி, ஆபீசில் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைத் திரும்பப் போட்டார், அப்படியும் வரவில்லை. போனில் இருவரும் சிங்களமும் தமிழும் கலந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில், "அக்கே, மேக்க டி.சி.பி. தாலா தியென்னே" என்றார், அக்கா, இதில் டி.சி.பி. போட்டிருக்கிறது என்று. ரவுட்டர் பக்கம் தானாகவே டி.சி.பி. என்று நிரப்பி வைத்திருந்தது. வயர்கார்ட் யூ.டி.பி. மட்டும்தான் பேசும். பல ரவுட்டர்களில் இந்தப் பெட்டி டி.சி.பி.யில்தான் நிற்கும், அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆபீசுக்கு நிலையான ஐபி வாங்காமல் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் மாறாத பெயர்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வயர்கார்ட் அந்தப் பெயரை ஐபி ஆக மாற்றுவது அக்டிவேட் செய்யும் நேரத்தில் மட்டும். நடுப்பகலில் ஆபீஸ் ஐபி மாறினால் இது பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். டிஅக்டிவேட் செய்து திரும்ப அக்டிவேட் செய்தால் சரி. சின்ன வேலைதான், தெரியாவிட்டால் அரை நாள் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து இடி மின்னலோடு வந்தது. ஒக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் பின்னேரமானால் இடி. முதல் முழக்கம் கேட்டதும் அம்மா டீவி, கம்பியூட்டர், ரவுட்டர் என்று எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவார். லயத்தில் இருந்த காலத்துப் பழக்கம், இதில் யாரும் அவரோடு வாதாட முடியாது. அப்படி ஒரு நாளைக்கு அடுத்த காலை விபிஎன் வரவில்லை. 0, 148, 296. பக்கத்து வீட்டு மாமா "மழைன்னா சிக்னல் அப்படித்தான்" என்றார். ஊரில் எல்லாப் பழுதுக்கும் அதுதான் விளக்கம்.

என் போனிலும் வயர்கார்ட் இருக்கிறது, அதற்கென்று தனித் திறவுகோல். அதே வீட்டு வைஃபையில் போனைப் போட்டேன், உடனே 92 வந்தது. ஆக 4ஜி சரி, ஆபீஸ் சரி, போர்ட் சரி. பழுது டெஸ்க்டொப்பில். அந்தக் கோப்பில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இதற்கிடையில் மல்லி தன் பக்கத்தில் வயர்கார்ட்டை நிறுத்தித் தொடங்கினார். அந்த நொடியே டெஸ்க்டொப்பும் இணைந்துவிட்டது! அவர் தன் சர்வரில்தான் பழுது என்று முடிவு செய்துவிட்டார். நான் ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்தேன். அது என்னை உள்ளே விடாமல் ஒரு செய்தி போட்டது: உங்கள் கம்பியூட்டருக்கும் தூரத்துக் கம்பியூட்டருக்கும் திகதியில் அல்லது நேரத்தில் வித்தியாசம் இருக்கிறது. திரையின் மூலையைப் பார்த்தால் 2016 ஜனவரி 1.

கம்பியூட்டரின் மதர்போர்டில் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். சுவரில் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால் பிளக்கைக் கழற்றியதும் கடிகாரம் பிறந்த திகதிக்குப் போய்விடும். சில போர்டுகள் எஃப்1 அமுக்கச் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். என்னுடையது எதுவும் சொல்லாமல் விண்டோஸுக்குள் போய்விடுகிற சாது. விண்டோஸ் இணையத்திலிருந்து நேரம் எடுக்குமே என்பீர்கள். ஆபீஸ் டொமைனில் சேராத தனிக் கம்பியூட்டரில் அதற்கு ஒரு வரம்பு உண்டு. 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சேவை வழக்கமான அமைப்பில் திருத்தாது.

வயர்கார்ட்டுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாம் அனுப்பும் முதல் ஹேண்ட்ஷேக் செய்திக்குள் நேர முத்திரை ஒன்று இருக்கிறது. யாராவது நம் பழைய செய்தியை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து பின்னால் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. ஆபீஸ் பக்கம் ஒவ்வொரு திறவுகோலுக்கும் தான் பார்த்த கடைசி முத்திரையை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய முத்திரையோடு எது வந்தாலும் குப்பையில் போடும், சத்தமே இல்லாமல். நேற்று வரை சரியான திகதியில் பேசிய நான் இன்று 2016இலிருந்து பேசினால் அதன் கண்ணுக்கு நான் திருடி. சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் அந்த நினைவு அழிந்துவிடும், 2016இலிருந்து வந்தாலும் உள்ளே விட்டுவிடும். மல்லியின் வைத்தியம் பலித்தது அதனால்தான். திகதியைக் கையால் திருத்தி அன்றைய வேலையைப் பார்த்தேன். அடுத்த இடிக்கு அம்மா பிளக்கைக் கழற்றினார், அடுத்த காலை திரும்பவும் 148.

யூபிஎஸ் இருந்தால் இது தெரியாமலே போகும். சின்ன மின்வெட்டுகளில் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது, யூபிஎஸ் காலியாகும் அளவுக்கு நீண்ட வெட்டில்தான் வரும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடே இருண்டதே, அந்த மாதிரி நாட்கள்.

ஹட்டன் டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய்ப் பேட்டரி கேட்டேன். "எங்கேயாவது மதர்போர்டை மாத்தணும்னு சொன்னாங்களா தங்கச்சி?" என்றார் கடைக்கார அண்ணன். இன்னும் யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்போ சொல்றதுக்கு முன்னாடி இதைப் போட்டுருங்க." பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்ன உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வெளியே வரும். கூட்டல் குறி மேலே பார்க்கும்படி புதியதை வைக்க வேண்டும். பிறகு திகதி, நேரம் வைத்தால் சரி. அதற்குப் பிறகு எத்தனையோ இடி வந்துவிட்டது.

இனி 92, 180 வந்தும் வேலை நடக்காத ரகம். இதில் முதல் சந்தேகம் வீட்டு ரவுட்டரின் மேல். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத்தான் வீட்டுக்குள் கொடுக்கும். ஆபீசிலும் அதே 192.168.1 இருந்தால் சிக்கல். நான் ஆபீசின் 192.168.1.10 ஐத் தேடினால் என் கம்பியூட்டர் "அது இந்த வீட்டில்தானே இருக்கிறது" என்று பக்கத்திலேயே தேடும். விபிஎன் போட்ட புதிதில் பிங் (மறுபக்கம் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போட்டுப் பார்த்தபோது பதில் படபடவென்று வந்தது, வேகமும் அபாரம். பதில் சொன்னது முன் அறையில் இருந்த எங்கள் டீவி. வீட்டு ரவுட்டரில் 192.168.77 என்று மாற்றினேன், தீர்ந்தது. ஆபீசில் மாற்றப் போகாதீர்கள், அங்கே பிரிண்டர் முதல் கைரேகை மெஷின் வரை எல்லாம் பழைய முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் அலவ்ட் ஐபிஸ் என்ற வரியையும் சரிபாருங்கள். அதில் ஆபீஸ் வலையமைப்பின் முகவரி வரம்பு இல்லாவிட்டால் ஹேண்ட்ஷேக் நடக்கும், ஆனால் எந்தப் பொட்டலமும் அந்த வழியில் போகாது.

அடுத்தது எம்.டி.யு., அதாவது ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. இதன் அடையாளம் தனி. பிங் வரும், லொகின் பெட்டி வரும், பாஸ்வேர்ட் அடித்ததும் கறுப்புத் திரை வந்து அப்படியே நிற்கும். சின்னப் பொட்டலம் போகிறது, பெரியது வழியில் தொலைகிறது. வயர்கார்ட் வழக்கமாக 1420 பைட் வரை அடைக்கும். தன் உறையையும் சேர்த்து அனுப்பும்போது சில மொபைல் இணைப்புகளில் அது கொள்ளாது. கோப்பில் எம்.டி.யு. சமன் 1280 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வேகம் கொஞ்சம் குறையும் என்பார்கள். கணக்கு வேலைக்கு எனக்கு அது தெரியவே இல்லை.

பிங் வராததை வைத்து மட்டும் முடிவு கட்டவும் கூடாது. வேறு வலையமைப்பிலிருந்து வரும் பிங்குக்கு விண்டோஸ் ஃபயர்வோல் வழக்கமாகவே பதில் தராது. பிங் ஊமையாக இருக்க ரிமோட் டெஸ்க்டொப் ஜோராகத் திறந்த நாட்கள் உண்டு. திறக்க வேண்டியதையே திறந்து பாருங்கள். ஆபீஸ் கம்பியூட்டரில் விண்டோஸ் ஹோம் இருந்தால் அது ரிமோட் டெஸ்க்டொப்பை ஏற்காது, புரோ வேண்டும், அதற்கும் விபிஎன்னுக்கும் சம்பந்தம் இல்லை. அப்புறம், விபிஎன் தொல்லை என்று ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை நேரே இணையத்துக்குத் திறந்து வைக்கும் ஆபீஸ்களும் இருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார்காரர்கள் முதலில் தட்டும் கதவு அது. செய்யவே வேண்டாம்.

டேட்டா கணக்குப் பார்ப்பவர்களுக்கு: 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற வரியில் 25 என்று போடுங்கள். 25 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் போய் வழியைத் திறந்து வைத்திருக்கும். இது பாக்கேஜைத் தின்னுமா என்று கணக்குப் போட்டேன். ஒரு பொட்டலம் தலைப்போடு 60 பைட். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஹேண்ட்ஷேக்கையும் சேர்த்து, மாதம் முழுக்க இரவு பகலாக விட்டாலும் 20 எம்.பி. தாண்டாது. தம்பி ஒரு கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்தால் போவது இதைவிட அதிகம்.

ஒரே திறவுகோலை இரண்டு கருவியில் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கோப்பை அப்படியே நகல் எடுத்து மடிக்கணினியிலும் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஆபீஸ் பக்கம் கடைசியாகப் பேசியவருக்கே பதில் அனுப்பும். இருவருக்கும் விட்டுவிட்டு வரும், காரணமும் பிடிபடாது. கருவிக்கு ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் திறவுகோலை அழித்துவிட்டால் அவர் கணக்கும் முடிந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இரண்டு முனையில் ஒன்றுக்காவது வெளியே இருந்து எட்டக்கூடிய ஐபி வேண்டும். என் வீட்டு 4ஜிக்கு அது இல்லை, ஆபீஸ் ஃபைபருக்கு இருக்கிறது, அதனால் தப்பித்தேன். ஆபீஸ் ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்கள் சேவைக்காரர் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறார். அங்கே போர்ட்டைத் திருப்பிப் பயனில்லை. பொது ஐபி கேட்டுப் பாருங்கள், மேலதிகக் கட்டணம் சொல்வார்கள். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் என்ற சேவை இருக்கிறது. உள்ளே ஓடுவது இதே வயர்கார்ட்தான். இரண்டு பக்கமும் நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தாலும் வழி கண்டுபிடிக்கும், முடியாவிட்டால் தன் இடைநிலை சர்வர் வழியாகக் கொண்டுபோகும். போர்ட், ரவுட்டர் எதையும் தொட வேண்டியதில்லை. எது நேரடியாகப் போகிறது, எது சுற்றிப் போகிறது என்று வாய் திறந்து சொல்லவும் செய்யும். எங்கள் சேர் அதற்காக வெளிக் கம்பனி ஒன்றில் கணக்குத் திறக்க விரும்பவில்லை, அதனால் நாங்கள் போகவில்லை. ஐ.டி. ஆள் இல்லாத, மூன்று நான்கு பேர் மட்டும் வேலை செய்யும் ஆபீஸ் என்றால் நான் முதலில் அதைத்தான் போடச் சொல்வேன். மேசைக்கு அடியில் ஒரு கம்பியூட்டரும், காலை எட்டு மணிக்குப் போன் எடுக்கும் ஒரு மல்லியும் இருந்தால் வயர்கார்ட்.